ஒத்துழைக்காத மூச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதத்தில், இலங்கையின் ஊவா மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், அழகர் என்ற அறுபத்திரண்டு வயது மனிதர் தம்முடைய மூச்சை அரசாங்கத்திடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டிய நிலைமைக்கு ஆளானார்.

காரணம் படிக்கட்டு. ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், பெண்கள் பறித்துவந்த கொழுந்தை மேல்மாடியில் பரப்பி வாட்டுவார்கள். கீழே நிறுத்துப் போட்ட கொழுந்துச் சாக்குகளைத் தோளில் தூக்கி அந்த மாடிக்கு ஏற்றுவது அழகரின் வேலை. வெளிச்சுவரோடு ஒட்டி அறுபத்து மூன்று படிகள். சாக்கு தூக்கும் இயந்திரம் ஒன்று இருக்கத்தான் செய்தது. வெள்ளைக்காரக் கம்பெனியின் காலத்திலேயே பழுதாகிப்போன அதை, நான்கு வருடங்களுக்கு முன்பு தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது அரசாங்கம் பழுதோடு சேர்த்தே எடுத்துக்கொண்டது.

முன்பெல்லாம் அழகர் வெற்றிலையை மென்றுகொண்டே ஏறுவார். இரண்டு வருடமாக உடம்பு வேறு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. கையும் காலும் வற்றிக்கொண்டு போயின. வயிறு மட்டும் யாரோ கொடுத்து வைத்த மூட்டை மாதிரி முன்னால் வந்து நின்றது. இருபதாவது படியில் மூச்சு முட்டும். நாற்பதாவது படியில் கண்ணுக்குள் மின்மினி பறக்கும். படுத்தால் வயிறு நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதால், லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் தம்முடைய ஒற்றை அறையான காம்பிராவில் சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்கினார்.

"நாற்று மேடையில போட்டா உக்காந்த எடத்துல மண்ணு ரொப்பிக்கிட்டு இருப்பேங்க" என்று பெரட்டுக்களத்தில், விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்.

கணக்கப்பிள்ளை கெட்டவர் அல்ல. கடிதத்துக்குப் பயந்தவர். "பதுளையில சபை வந்திருக்கு அழகரு. சபையோட சீட்டு இல்லாம ஒருத்தரையும் லேசான வேலைக்குப் போடக் கூடாதுன்னு கடுதாசி வந்து கெடக்கு" என்றார்.

சபையின் முழுப் பெயர் முதியோர் உடல்வலுச் சபை. தோட்டங்களில் வயதானவர்களுக்குத் தசை வற்றிப்போகிறது, மூச்சு குறைகிறது, வயிறு பெருக்கிறது என்று யாரோ எழுதிய ஓர் அறிக்கை தலைநகரில் கவலையை உண்டாக்கியது. கவலையைச் சும்மா விடக்கூடாது என்று அதை அளப்பதற்கு ஒரு தலைவர், மூன்று பிரிவு, ஒரு ஜீப், ஏழு நாற்காலி ஆகியவற்றை ஒதுக்கினார்கள். நாற்காலிகளில் ஐந்து வந்து சேர்ந்தன.

சபைக்குப் போவதற்கு முன்பு அழகர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மருந்து கொடுப்பவர் பண்டாரவளைக்காரரான ஸலீம். படித்தது மருந்தாளர் படிப்புத்தான் என்றாலும் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டரையா. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். பிடிக்கு அகப்பட்டது பெரும்பாலும் எலும்பு.

"மூச்சு இழுக்கிறதும் தசைதான் அழகரண்ணே. கால்ல வத்துற மாதிரி நெஞ்சுக்குள்ளயும் வத்துது. வயிறு வேற கீழ இருந்து தள்ளுது. மூணு வேளையும் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும். பருப்பு, முட்டை, மீன் ஒண்டும் இல்ல. இது கொழுத்த வயிறு இல்ல, ஏமாத்துற வயிறு."

"அதையே ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்."

"நான் எழுதினா ஏலாது. மிஷின் சொன்னாத்தான் ஏத்துக்குவாங்க" என்றார் ஸலீம். சொல்லும்போது அவர் அழகரைப் பார்க்கவில்லை, மருந்துப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுக்கொடுத்துவிட்டு அழகரும் மனைவி அங்கம்மாவும் ரயிலேறிப் பதுளைக்குப் போனார்கள். சபை ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ஏறக் கஷ்டப்படுகிறவர்களுக்காக அமைத்த சபை என்பதால் அது மேட்டின் உச்சியில் இருந்தது. அழகர் நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் இருந்த பியோன், "இவ்வளவு தூரம் ஏறி வந்திட்டீர், உமக்கென்ன குறை?" என்று கேட்டுவிட்டுக் கொப்பியில் 'நடந்து வந்தார்' என்று எழுதினான்.

முதல் அறை மூச்சுப் பிரிவு. மேசைமேல் கடிகாரம் போல வட்டமான ஒரு கருவி. அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய். கருவியில் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு.

"ஊதும்" என்றார் அதிகாரி.

அழகர் ஊதினார். முள் அசையவில்லை.

"இன்னும் ஊதும். பலங்கொண்ட மட்டும் ஊதும்."

கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வர ஊதினார். முள் ஒருமுறை நடுங்கி, யோசித்து, பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது. அதிகாரி பேனாவை எடுத்து, 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்.

"ஊதுனேங்களே சாமி."

"முள் அசைஞ்சாத்தான் ஊதினதா அர்த்தம். பச்சையைத் தொட்டால் நீர் பலசாலி, சீட்டுத் தேவையில்லை. மஞ்சளைத் தொட்டால் நடுத்தரம், அடுத்த வருஷம் வரலாம். அசையாட்டி ஒத்துழைக்கேல்லை."

"அப்ப யாருக்குங்க சீட்டு?"

"பலவீனத்தை முறையா நிரூபிக்கிற ஆளுக்கு."

"அத எப்புடிங்க நிரூபிக்கிறது?"

"பலமா ஊதித்தான்" என்றார் அதிகாரி. அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டாவது அறை கால் பிரிவு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஆனால் வந்த ஐந்து நாற்காலிகளில் பரிசோதனை நாற்காலியில் இந்தப் பிரிவின் அதிகாரியே உட்கார்ந்திருந்தார். அவர் பெருத்த மனிதர். மேசையை இரண்டு கையாலும் பற்றி எழப் பார்த்தார், வரவில்லை, மறுபடி உட்கார்ந்துகொண்டார். "நின்றபடி இருக்கிறீர் அல்லவா? நிற்கக் கூடியவர் என்று போடுகிறேன்" என்று போட்டார்.

மூன்றாவது அறை வயிற்றுப் பிரிவு. இங்கே அளவு நாடா காணாமல் போய் மூன்று மாதம். ஆகவே வருகிறவர்களை மேட்டுக்குக் கீழே கடைத்தெருவில் இருந்த ஜாபிரின் தையல் கடைக்கு அனுப்பி, இடுப்பளவை ஒரு துண்டில் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். அழகரும் அங்கம்மாவும் இறங்கினார்கள்.

ஜாபிர் நாடாவை இடுப்பில் போட்டார். முப்பத்தொன்பது அங்குலம். அதோடு விடவில்லை. பழக்கதோஷத்தில் தோளையும் கையையும் தொடையையும் அளந்தார்.

"அண்ணே, சபை ஆளுங்க நெறையப் பேர் வாறாங்க. எல்லாருக்கும் இதே அளவுதான். இடுப்பு பெரிய மனுசனுக்கு, கை காலு சின்னப் புள்ளைக்கு. இந்த ஒடம்புக்கு ஒரு சட்டை தைக்கிறதெண்டா நான் ரெண்டு துணி வெட்டணும்" என்றார். பின்பு அங்கம்மாவிடம், "ஒக்காருங்க அக்கா, அண்ணனுக்கு மூச்சு ஆறட்டும், பொறகு ஏறலாம்" என்று பெஞ்சைக் காட்டினார். அன்று பதுளையில் அழகரின் மூச்சைப் பற்றிக் கேட்காமலே தெரிந்துகொண்டவர் அந்தத் தையல்காரர் ஒருவர்தான்.

கைக்கும் தொடைக்கும் எடுத்த அளவுகளையும் ஜாபிர் துண்டில் எழுதியிருந்தார். வயிற்றுப் பிரிவு அதிகாரி அந்தப் பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். "அது கால் பிரிவுக்குரியது. நான் தலையிடக் கூடாது." மீதித் துண்டைப் பார்த்து முகம் மலர்ந்து எழுதினார்: 'முப்பத்தொன்பது. போசாக்கு மிகுதி.'

பத்து நாள் கழித்து உறை வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஸலீம் வாசிக்க, அழகரும் அங்கம்மாவும் கேட்டார்கள்.

"மேற்படி நபர் நடக்கவும் நிற்கவும் கூடியவர். மூச்சுப் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. வயிற்றில் போசாக்கு மிகுந்திருப்பதால் இவருக்கு உடற்பயிற்சி அவசியம். ஆகையால் தற்போதைய வேலையிலிருந்து இவரை விலக்கலாகாது. மேலும் ஒவ்வொரு முறை சாக்குடன் ஏறிய பின்பும், சாக்கு இல்லாமல் ஒரு முறை இறங்கி ஏறுமாறு பணிக்கப்படுகிறார்."

ஸலீம் இரண்டாம் முறை வாசித்தார். வார்த்தைகள் மாறவில்லை.

"வேலையைக் கொறைங்கன்னு கேக்கப் போனா கூட்டியில்ல அனுப்பி இருக்கானுங்க!" என்றாள் அங்கம்மா. "நீங்க போவாதீங்க. போவ மாட்டேன்னு சொல்லுங்க."

"பேர வெட்டிட்டா காம்பிராவையும்ல கேப்பாங்க" என்றார் அழகர்.

அதுதான் உண்மை. பெரட்டில் பேர் இருக்கும்வரைதான் லயத்தில் இடம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாம் இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பத்தடிக் காம்பிராவை விட்டால் அவர்களுக்கு ஊவாவில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது.

மறுநாள் முதல் அழகர் உடற்பயிற்சி செய்தார். சாக்கோடு ஏறுவார். மாடியில் சாக்கை இறக்கிவிட்டு, இறங்கி, வெறுங்கையோடு மறுபடி ஏறுவார். அங்கே எந்த வேலையும் இல்லாமல் சுவரைப் பிடித்து நின்றுவிட்டு இறங்குவார். கணக்கப்பிள்ளை கீழே நின்று கோடு போடுவார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில், அவர் வெறுங்கையோடு ஏறுகிற நேரங்களில் எல்லோரும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்கிடையில் அழகருக்குக் கால் வீங்கியது. வயிறு முப்பத்தொன்பதிலிருந்து குறையவில்லை. சபைக்கு இவை எதுவும் தெரியாது. படிகளின் எண்ணிக்கை மட்டும் மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்டு சபை பூரித்துப்போனது. ஊவாவிலேயே அதிகம் படி ஏறிய முதியவர் என்று அழகரை முன்மாதிரித் தொழிலாளியாகத் தெரிவு செய்து, உடல்வலு வாரத்தை அந்தத் தோட்டத்திலேயே ஆரம்பிப்பதாகத் தலைவர் எழுதினார்.

விழா ஸ்டோருக்கு முன்னால் காலை பத்து மணிக்கு. பந்தல் போட்டுப் பலூன் கட்டியிருந்தார்கள். சபைத் தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். முதலில் வயிறு இறங்கியது, பிறகு அவர். அறுபதை ஒட்டிய வயது. கால்சட்டை வாரைக் கடைசித் துளையில் போட்டிருந்தார். அழகருக்கு அவரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த உடம்பு போல் இருந்தது.

தலைவர் பேசினார்.

"அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே! முதுமையில் தசை ஏன் வற்றுகிறது? சோம்பலால்! மூச்சு ஏன் குறைகிறது? மூச்சை நாம் பயன்படுத்தாததால்! பட்டணத்தில் என்னைப் போன்றவர்களுக்கு உடற்பயிற்சி செய்ய ஆசை இருந்தும் வசதி இல்லை. காலை முதல் மாலை வரை நாற்காலி. உங்களுக்கோ அரசாங்கம் மலையைத் தந்திருக்கிறது. சாக்கைத் தந்திருக்கிறது. அறுபத்து மூன்று படிகளையும் இலவசமாகத் தந்திருக்கிறது. சிலர் பருப்பு வேண்டும், முட்டை வேண்டும் என்று எங்களுக்கு எழுதுகிறார்கள்." இங்கே அவர், அப்படி எழுதியிருந்த ஸலீமைப் பார்த்தார். "முட்டை சபையின் பொறுப்பில் வராது. சபை அளக்கும். அளப்பதே எங்கள் சிகிச்சை!"

இந்த இடத்தில் மூச்சு வாங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். அதைக் கைதட்டுவதற்கான இடைவெளி என்று நினைத்துக் கணக்கப்பிள்ளை தட்டினார்.

பிறகு முன்மாதிரித் தொழிலாளியை மேடைக்கு அழைத்தார்கள். இரண்டு மாதப் பயிற்சியில் மூச்சு எப்படி வளர்ந்திருக்கிறது என்று மக்களுக்குக் காட்ட, அழகரின் கையில் ஒரு சிவப்புப் பலூனைக் கொடுத்தார்கள்.

அழகர் பலூனை வாயில் வைத்தார். அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊதினார். பலூனின் கழுத்து சற்று நிமிர்ந்து தொங்கியது. மறுபடி ஊதினார். உதடு நீலமாயிற்று. கூட்டத்தில் அங்கம்மா எழுந்து நின்று, "போதும், விடுங்க! விடச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினாள்.

தலைவர் பலூனை வாங்கி நீட்டி இழுத்துப் பார்த்தார். "பலூன் தரமற்றது" என்று அறிவித்தார். மூச்சுப் பிரிவு அதிகாரி குறித்துக்கொண்டார்.

விழா அத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் கூட்டத்திலிருந்து கிளம்பிய முணுமுணுப்பு தலைவருக்குப் பிடிக்கவில்லை. "படி ஏறுவது ஒரு பெரிய காரியமா? நானே ஏறிக் காட்டுகிறேன்" என்றார். கால் பிரிவு அதிகாரி கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தார். தலைவர் கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினார்.

பத்துப் படி வேகமாக ஏறினார். இருபதாவது படியில் திரும்பிக் கையை ஆட்டினார். முப்பதைத் தாண்டியதும் கையை ஆட்டவில்லை. முப்பத்தைந்தாவது படியில் சுவரைப் பிடித்தார். அதற்கடுத்த படியில் சரிந்து உட்கார்ந்தார். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

கீழே இருந்த அதிகாரிகள் யாரும் அசையவில்லை. மேலே போக வேண்டியது எந்தப் பிரிவு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அழகர்தான் ஏறினார். மெதுவாக, தாம் எப்போதும் ஏறுகிற மாதிரி, சுவரோடு ஒட்டி ஏறிப்போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிமுந்து ஒக்காராதீங்க. முன்னால குனிங்க. முட்டியில கைய ஊணிக்கங்க. ஆ... இப்ப வாயக் குவிச்சு மெள்ள விடுங்க. இழுக்கணும்னு பறக்காதீங்க, மொதல்ல விடுங்க. விட்டாத்தான் உள்ள வரும்."

இரண்டு வயிறுகளும் இரண்டு முழங்கால்களின்மேல் தொங்க, இருவரும் ஒரே படியில் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள். வெகுநேரம் கழித்துத் தலைவருக்குக் குரல் வந்தது. மேடையில் கேட்ட குரல் அல்ல அது.

"உமக்கு... எப்போதும் இப்படியா?"

"படுத்தா இன்னும் மோசங்க" என்றார் அழகர். "பயப்படாதீங்க. கொஞ்சத்துல அடங்கிரும்."

தலைவர் அவருடைய கையைப் பிடித்தார். விடாமல் பிடித்திருந்தார். இனி இவருக்குத் தெரியும் என்று அழகர் நினைத்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு மனசு லேசானது.

நான்கு பேர் தலைவரைப் பலகையில் வைத்து இறக்கினார்கள். சபையோடு வந்திருந்த டாக்டர் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நாடியைப் பார்த்து, அந்த இடத்திலேயே எழுதினார்: மூன்று மாதப் பூரண ஓய்வு, படி ஏறக் கூடாது, தினம் முட்டையும் மீனும். ஜீப் போய்விட்டது.

அழகர் சீட்டுக்காகக் காத்திருந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாம் வாரம் ஓர் உறை வந்தது. ஸலீம் வாசித்தார்: "தலைவரின் மேற்பார்வையின்போது படிகளில் ஒழுங்கீனம் காணப்பட்டது. படிகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும். உடற்பயிற்சி வழமைபோல் தொடரட்டும்." கீழே தலைவரின் கையெழுத்து இருந்தது. ஓய்வில் இருந்தபடியே போட்டிருந்தார்.

அழகர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டரையா, அவுரு அந்தக் கொழாய ஊதுனாரா?"

"எவர்?"

"தலைவரு. ஓய்வு எழுதுனாங்களே, அதுக்கு முன்னால."

ஸலீம் கடிதத்தை வாங்கி மடித்தார். "இல்ல அண்ணே" என்றார். "அவரப் பாத்தாலே தெரிஞ்சிச்சு."

மறுநாள் காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள். அழகர் போனார். சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றார். எதையும் தூக்காமல் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"என்ன அழகரு?" என்றார் கணக்கப்பிள்ளை.

"மூச்சு வாங்குதுங்க."

"சீட்டு இருக்கா?"

"சீட்டு இல்லீங்க. மூச்சுதான் வாங்குது."

"பேர வெட்டணும்னு சொல்லுவாங்க. நான் என்ன செய்ய?"

"வெட்டுங்க" என்றார் அழகர். படியை விட்டு எழவில்லை.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளும் ரெங்கசாமி வந்து அழகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அதே கால், அதே வயிறு. கூட்டுகிற வேலைக்காரி பாக்கியலெட்சுமி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். மலையிலிருந்து இரண்டு கிழவிகள் இறங்கிவந்தார்கள். எட்டு மணிக்குள் பதினொரு பேர். அவர்கள் கோஷம் போடவில்லை. கோஷம் போட அவர்களிடம் மூச்சு கிடையாது. படியை அடைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். இரண்டு நாள் மாடிக்குக் கொழுந்து ஏறவில்லை. கீழேயே குவிந்து சூடேறிச் சிவந்து நாறியது.

கொழுந்து நாறியது தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைக்கு உடனே புரிந்தது. மூன்றாம் நாள் அவர் யாரிடமும் கேட்காமல் பதினொரு பேரையும் நாற்று மேடைக்கு அனுப்பினார். அரைப் பேர்தான் போடுவேன் என்றார். அரை நாள் சம்பளம். ஆனால் பெரட்டில் பேர் இருக்கும், காம்பிரா இருக்கும். அழகர் தலையாட்டினார். தலையாட்டும்போதே மாவின் அளவு மனதுக்குள் பாதியானது. அன்றிலிருந்து அங்கம்மா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, பசியில்லை என்று சொல்லி அவர் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். அவளுடைய கையும் வற்றிக்கொண்டு வருவதை அவர் பார்த்தார்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள், கொழுந்து குறைவு என்று அங்கம்மாவையும் நாற்று மேடைக்கு அனுப்பியிருந்தார்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஸலீம் ஒரு புத்தகத்தோடு வந்தார். சபையின் ஆண்டறிக்கை. நல்ல வழவழப்பான தாள்.

"உங்களப் பத்தி வந்திருக்கு, கேளுங்க" என்று நின்றபடியே வாசித்தார். "சபையின் இடைவிடாத முயற்சியால் மேற்படி தோட்டத்தில் பதினொரு முதியோர் இலகுவான பணிக்கு மாற்றப்பட்டனர். அவர்களது வயிற்றளவு குறையத் தொடங்கியுள்ளது. இது சபையின் உணவுக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி."

ரெங்கசாமி துப்பினார். பாக்கியலெட்சுமி, "அரைப் பேருல கொறையாம வேற என்ன செய்யும்?" என்றாள்.

அழகருக்குச் சிரிப்பு வந்தது. உண்மையான சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பாதி வழியில் அது மூச்சைக் கேட்டது. மூச்சு இல்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, அவர் முன்னால் குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். அங்கம்மா எழுந்து வந்து முதுகைத் தடவினாள். ஸலீம் புத்தகத்தை மூடிவிட்டார்.

வெகுநேரம் கழித்து அழகர் தலையைத் தூக்கினார். கண்ணில் நீர் நின்றது.

"என்னால முடியல புள்ள" என்றார். "எனக்கும் சேத்து நீ சிரி."

அங்கம்மா அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. மண்ணுக் கையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் அடுத்த பையை எடுத்து வைத்தாள்.